16 பேர், திரும்பவும் ஜமைக்கா: பெரியவர்களுக்கு மட்டுமான ஆல்-இன்க்ளூசிவ் ரிசார்ட்டுக்கு குரூப்பாகப் போக வழி சொல்லுங்க

குழித்துறை_ஆத்தங்கரை

எல்லாருக்கும் வணக்கம். குழித்துறை, மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் உள்ள 8 ஜோடி, மொத்தம் 16 பேர். வயசு 47-லிருந்து 68 வரைக்கும். இதே கூட்டம் முன்னாடி ஒரு தடவை மான்டிகோ பே பக்கத்துல பெரியவங்களுக்கு மட்டுமான ஆல்-இன்க்ளூசிவ் (சாப்பாடு, குடி எல்லாம் வாடகைக்குள்ளேயே அடங்குற) ரிசார்ட்டுல தங்கியிருக்கு. திரும்பவும் அதே தீவு, இந்த முறை நெக்ரில், 7 ராத்திரி. இடத்துல சண்டை இல்ல, மத்த எல்லாத்துலயும் சண்டை.

சிட்டி (சீட்டு) பணம் ஆவணியில கையில வருது. ஓண லீவை ஒட்டிப் போயிடலாம், ரூம் வாடகையும் அப்போ குறைவாத்தான் காட்டுதுன்னு பாதி பேர் சொல்றாங்க. தை மாசம் போகலாம்னு மீதி பேர். எது சரி?

அமெரிக்க விசா 11 பேருக்கு இருக்கு. 3 பேருக்கு விசா பழைய பாஸ்போர்ட்டுல மாட்டிக்கிட்டு இருக்கு. 2 பேருக்கு முடிஞ்சு போச்சு. அதுல ஒருத்தருக்கு பாஸ்போர்ட்டுல ஒரே பேர்தான், சர்நேம் காலி. திருவனந்தபுரத்துல இருந்து எந்த வழியா போனா தலைவலி குறைவு?

சைவம் 4 பேர். முட்டுவலிக்காரங்க 3 பேர். ஒரு ஜோடி பிளஸ் டூ முடிச்ச 17 வயசுப் பையனையும் கூட்டிட்டு வரலாமான்னு கேக்குறாங்க. ஏஜென்ட் பேக்கேஜ் எடுக்கணுமா, நாமே நேரடியா புக் பண்ணணுமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாறசாலை_பிஎன்ஆர்

அண்ணே, முதல்ல விசா, அப்புறம் ரூம் ஒப்பந்தம், கடைசியாத்தான் டிக்கெட். இந்த வரிசை மாறினா 16 பேர்ல யாரோ ரெண்டு பேரோட காசு போகும். நம்ம ஊர்ல ஆஃபர் வந்ததும் டிக்கெட்டைத்தான் முதல்ல அடிப்பாங்க.

ஜமைக்காவுக்கு இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு சுற்றுலாவா போனா 30 நாள் வரை விசா வேண்டாம். திரும்பி வர்ற டிக்கெட், தங்குற இடத்தோட உறுதிக் கடிதம், 6 மாசம் உயிரோட இருக்குற பாஸ்போர்ட், கிளம்புறதுக்கு முன்னாடி ஆன்லைன்ல நிரப்புற குடியேற்றப் படிவம், அவ்வளவுதான். பிரச்சினை தீவுல இல்ல, வழியில. அமெரிக்காவுல "விமானம் மாறத்தானே போறோம், வெளிய போகல"ங்கிற பேச்சே கிடையாது. மயாமியில இறங்கி ஒன்றரை மணி நேரத்துல வேற விமானம் ஏறினாலும் இமிக்ரேஷன், கஸ்டம்ஸ் ரெண்டும் முடிச்சுத்தான் ஆகணும். திரும்பி வரும்போதும் அதே கதை. ஆக 16 பேருக்கும் செல்லுபடியாகும் விசா கட்டாயம்.

பழைய பாஸ்போர்ட்டுல விசா இருக்குற 3 பேரும் பேடிக்க வேண்டாம். விசா தேதி உயிரோட இருந்து, பக்கம் கிழியாம இருந்தா, பழசு புதுசு ரெண்டையும் சேர்த்துக் கையில கொண்டு போனா போதும். ரெண்டையும் பெட்டிக்குள்ள போட்டு செக்-இன் பண்ணிடாம பாத்துக்கணும், அதுதான் முக்கியம்.

முடிஞ்சு போன 2 பேர் விஷயம்தான் மொத்தத் திட்டத்தோட தேதியையும் முடிவு பண்ணும். காலாவதி ஆகி 12 மாசத்துக்குள்ளன்னா இன்டர்வியூ விலக்குக்கு வாய்ப்பு உண்டு. அதைத் தாண்டிட்டா நேர்ல போய் நிக்கணும், தேதி கிடைக்கிறதுக்கே மாசக்கணக்குல ஆகலாம். "டிரான்ஸிட்தானே, சி1 போதும்"னு யாராவது சொன்னா கேக்காதீங்க. அதுக்கும் கட்டணம் அதே 185 டாலர், அதே வரிசை. சுற்றுலா விசாவான பி1/பி2-வே கேளுங்க. விமானம் தவறி ஒரு ராத்திரி மயாமியில தங்க வேண்டி வந்தாலும் அது கை கொடுக்கும்.

ஒரே பேர்க்காரர்: சர்நேம் காலியா இருந்தா அமெரிக்க விசாவுல பேரை சர்நேம் கட்டத்துல போட்டு, முதல் பேர் இடத்துல எஃப்என்யூ (முதல் பேர் தெரியாது)ன்னு அடிச்சுடுவாங்க. டிக்கெட் போடுறவர் அதே பேரை ரெண்டு தடவை அடிப்பார். கவுன்டர்ல ரெண்டும் ஒத்துப் போகாம நிப்பாங்க. விசா எப்படியும் புதுசா எடுக்கணும் என்பதால, முதல்ல பாஸ்போர்ட்டுல பேரைப் பிரிச்சு சர்நேம் சேர்த்துட்டு, அப்புறம் விசாவுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்க. ஆனா விசா இன்னும் உயிரோட இருக்குற ஒரே பேர்க்காரர் யாராவது கூட்டத்துல இருந்தா, அவங்க இப்போ பாஸ்போர்ட்டுல கை வைக்கவே கூடாது. விசாவும் பாஸ்போர்ட்டும் வேற வேற பேர்ல நின்னுடும். அவங்களுக்கு டிக்கெட்டை விசாவுல உள்ளபடி போடச் சொல்லி ஏர்லைன்கிட்ட எழுத்துல வாங்கிக்கிடுங்க. துபாய், அபுதாபியில ஒரு நாள் வெளிய சுத்திப் பாத்துட்டுப் போகலாம்னு திட்டம் இருந்தா அதுவும் ஒரே பேர்க்காரருக்கு நடக்காமப் போகலாம். 2022 நவம்பர்ல இருந்து யுஏஇ விசிட் விசாவுக்கு அந்தக் கட்டுப்பாடு இருக்கு. விமான நிலையத்துக்குள்ளேயே மாறிப் போறதுக்குத் தடை இல்ல.

வழி: திருவனந்தபுரம் - தோஹா - மயாமி - மான்டிகோ பே. தோஹாவுல இருந்து மயாமி ஏறக்குறைய 16 மணி நேரம். அங்கிருந்து மான்டிகோ பே ரெண்டு மணி நேரத்துக்கும் கம்மி. இன்னொண்ணு திருவனந்தபுரம் - அபுதாபி - நியூயார்க் - மான்டிகோ பே. அபுதாபியில ஒரு வசதி உண்டு, அமெரிக்க இமிக்ரேஷன் அங்கேயே முடிஞ்சுடும், நியூயார்க்ல உள்நாட்டுப் பயணி மாதிரி இறங்கலாம். ஆனா தை, மாசியில போறதா இருந்தா நியூயார்க் பக்கம் பனிப்புயல் காலம், விமானம் தள்ளிப் போக வாய்ப்பு அதிகம். அதனால குளிர் மாசத்துக்கு மயாமி.

மயாமியில மாறுறதுக்கு 4 மணி நேரத்துக்குக் குறைஞ்சு வைக்காதீங்க. பெட்டியை எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, திரும்பப் போட்டு, மறுபடி செக்யூரிட்டி வரிசையில நிக்கணும். 16 பேர்ல ஒருத்தரை உள்ள கூப்பிட்டு விசாரிச்சாலே ஒரு மணி நேரம் போச்சு. நான் சொல்றது, போகும்போது மயாமியில விமான நிலையம் பக்கத்துல ஒரு ராத்திரி தங்கிட்டு மறுநாள் காலை விமானத்துல போங்க. வயசானவங்க இருக்காங்க, நம்ம ஊர் நேரத்துக்கும் அங்கேயும் பத்தரை மணி நேர வித்தியாசம்.

லண்டன் வழியும் உண்டு, ஹீத்ரோவுல இருந்து மான்டிகோ பேக்கு நேரடி விமானம் இருக்கு. ஆனா கரீபியன் விமானங்கள்ல நிறைய கேட்விக்ல இருந்துதான் கிளம்புது. ஹீத்ரோவுல இறங்கி கேட்விக் போகணும்னா இங்கிலாந்துக்குள்ள நுழையணும், அதுக்கான விசா வேணும். ரெண்டு தனி டிக்கெட்டா எடுத்தாலும் பெட்டி வெளிய வந்துடும், அதே நிலைமை.

பனாமா, பொகோட்டா வழியா மலிவா காட்டுனா ஒதுக்கிடுங்க. ரெண்டும் மஞ்சள் காய்ச்சல் பட்டியல்ல உள்ள நாடு. தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாம அந்தப் பக்கமா இந்தியா திரும்பினா 6 நாள் வரைக்கும் தனிமைப்படுத்த அதிகாரம் இருக்கு. ஜமைக்கா அந்தப் பட்டியல்ல இல்ல, மயாமி வழியா போனா ஊசியே வேண்டாம்.

டிக்கெட் போடும்போது: ஒரு பிஎன்ஆர்ல அதிகபட்சம் 9 பேர்தான். 10 பேருக்கு மேலன்னா ஏர்லைனோட குரூப் டெஸ்க். குரூப் ரேட்டுன்னா குறைவுன்னு நினைக்காதீங்க, பல நேரம் கூடுதலா இருக்கும். பேரைப் பிறகு கொடுக்கலாம், முன்பணம் மட்டும் கட்டி சீட்டைப் பிடிச்சு வைக்கலாம், அதுதான் லாபம். தனித்தனியா எடுக்குறதா இருந்தா ரெண்டு ரெண்டு பேராத் தேடுங்க. 8 பேர்னு தேடினா, மலிவான கட்டணத்துல 3 சீட்டுதான் மிச்சம் இருந்தாலும் மொத்த 8-க்கும் அடுத்த விலையைக் காட்டும்.

அப்புறம் விமான நிலையத்துக்கு: பாலராமபுரம் நெரிசல் உங்களுக்குத் தெரியாததா. வண்டியை முன்னாடியே எடுங்க.

வேளிமலை

மாசம் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஓணத்தை மறந்துவிடுங்கள். அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. உச்சம் ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் வரை, ஆவணி, புரட்டாசி அப்படியே அதற்குள் விழுகிறது. வாடகை குறைவாகக் காட்டுவது அதனால்தான். 2024 ஜூலை ஆரம்பத்திலேயே பெரில் புயல் ஜமைக்காவின் தெற்குக் கரையை அடித்தது. 2025 அக்டோபர் 28 அன்று மெலிஸா ஐந்தாம் வகைப் புயலாக வெஸ்ட்மோர்லேண்ட் பகுதியில் கரையேறியது. நெக்ரிலின் பெரும்பகுதி அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. தீவின் மேற்குப் பக்கத்து ஹோட்டல்கள் அதன் பிறகு கட்டம் கட்டமாகத்தான் திறந்தன. எனவே நீங்கள் பார்க்கும் இணையப் படங்கள் புயலுக்கு முந்தியவையாக இருக்கலாம். எந்தக் கட்டடத்தில் ரூம் தருகிறார்கள், எத்தனை உணவகம் இயங்குகிறது, நீங்கள் தங்கும் தேதியில் மராமத்து வேலை உண்டா என்று மூன்று கேள்வியை மெயிலில் கேட்டு, பதிலையும் மெயிலில் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னது கணக்கில் வராது.

நல்ல காலம் டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை. விலையும் அப்போதுதான் உச்சம். அதற்குள்ளேயே இடைவெளி பார்த்து நுழைய வேண்டும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரம் வேண்டாம். பிப்ரவரி மூன்றாவது திங்கள் அமெரிக்காவில் விடுமுறை, அந்த வாரமும் வேண்டாம். மார்ச்சில் கல்லூரிப் பிள்ளைகள் கூட்டம். பெரியவர்களுக்கு மட்டும் என்றாலும் 18 வயதான மாணவர்கள் வரத்தானே செய்வார்கள், உங்கள் வயதுக்கு அந்தச் சத்தம் ஒத்து வராது. ஆகத் தை கடைசி இரண்டு வாரம்தான் பொருத்தம், ஜனவரி இறுதியிலிருந்து பிப்ரவரி முதல் பத்து நாள் வரை. இது கிடைக்காவிட்டால் ஈஸ்டர் கழிந்து சித்திரையில் போகலாம். விலை இறங்கியிருக்கும், மே மாத மழை இன்னும் பிடித்திருக்காது.

கடற்பாசி என்று ஒரு தொல்லை உண்டு, சர்காசம். 2011-லிருந்து பெரிய அளவில் கரீபியன் கரைகளில் ஒதுங்குகிறது. வசந்த காலத்தில் தொடங்கிக் கோடை முழுக்க வரும். கிழக்கும் தெற்கும் பார்த்த கரைகளில்தான் குவியல் குவியலாகக் கிடந்து அழுகி நாறும். நெக்ரில் மேற்கு பார்த்த கரை என்பதால் பெரும்பாலும் தப்பித்துவிடுகிறது. நெக்ரிலைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு. நம் முட்டம், குளச்சல் கடல் போல இழுப்பும் இல்லை, இடுப்பளவு நீரில் வெகுதூரம் நடக்கலாம்.

முட்டுவலிக்காரர்களுக்கு: நெக்ரிலில் கட்டடம் தென்னை மரத்தை மீறக் கூடாது என்பது பழைய கட்டுப்பாடு. எல்லாம் இரண்டு, மூன்று மாடி. பல இடங்களில் லிஃப்ட் கிடையாது. "கடல் பார்த்த ரூம்" என்று கூடக் காசு கொடுத்து வாங்கினால் அது இரண்டாம் மாடியில், படியேறிப் போகும்படி இருக்கும். அந்த 3 ஜோடிக்கும் தரைத்தளம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். "ரிக்வெஸ்ட்" என்ற பெயரில் குறித்துக்கொண்டால் அது உறுதி ஆகாது.

மான்டிகோ பே விமான நிலையத்திலிருந்து நெக்ரில் 80 கிலோமீட்டர் வாக்கில், ஒன்றரை மணி நேரம். 16 பேருக்கு ஒரே வேன் போதும் என்பார்கள். ஆள் ஏறுவார்கள், 32 பெட்டி ஏறாது. இரண்டு வண்டி கேளுங்கள்.

நாஞ்சில்_அக்கா

சாப்பாட்டு விஷயம் நான் சொல்றேன் மக்கா.

ஜமைக்கா சாப்பாடு நம்ம குமரி மாவட்டத்துக்காரங்களுக்கு ஒத்துப் போகும். மரச்சீனியை (மரவள்ளிக்கிழங்கு) திருவி, பிழிஞ்சு, தட்டி, தேங்காப்பால்ல ஊறவச்சுப் பொரிக்கிறதுக்குப் பேரு பாமி. சைவக்காரங்க தாராளமா சாப்பிடலாம். கடச்சக்கையை (பிரெட்ஃப்ரூட்) சுட்டோ பொரிச்சோ குடுப்பாங்க. அந்த மரம் 1793-ல கப்பல்ல அங்க போய் இறங்கினது. ரைஸ் அண்ட் பீஸ்னா பட்டாணி இல்ல, சிவப்பு பீன்ஸைத் தேங்காப்பால்ல சோறோட வேக வைக்கிறது. ஆட்டுக்கறிக் கறி கிடைக்கும், 1845-லிருந்து நம்ம நாட்டுலேருந்து கூலிக்குப் போனவங்க கொண்டு போன சமையல் அது.

சைவம் 4 பேரும் கவனிக்க வேண்டியது கண்ணுக்குத் தெரியாத மாமிசம்தான். காய்கறி சூப்பு கோழித் தண்ணியில செஞ்சதா இருக்கும். ஸ்ட்யூ பீஸ்னு சொல்றதுல பன்றி வாலோ உப்பு மாட்டுக்கறியோ சேர்ப்பாங்க. கலாலு நம்ம கீரை மாதிரித்தான், ஆனா உப்புமீன் போட்டு வதக்கியிருப்பாங்க. அக்கீங்கிற பழம் காலைச் சாப்பாட்டுக்கு முட்டைப் பொரியல் மாதிரி தெரியும், அதுவும் உப்புமீன் சேர்த்ததுதான், தனியா கேட்டா செஞ்சு தருவாங்க. வெளிய மரத்துல காய் பாத்துப் பறிச்சுறாதீங்க, பழுத்துத் தானா வெடிக்காத அக்கீ விஷம். சைவம்னு சொல்லாம "ஐடல்"னு சொல்லிக் கேளுங்க. அது ரஸ்தபாரி மதக்காரங்க சாப்பாடு, மாமிசம் கிடையாதுங்கிறது சமையக்காரங்களுக்கு உடனே புரிஞ்சுடும். பலர் உப்பே போட மாட்டாங்க, அதையும் சொல்லிடணும்.

16 பேரும் ஒரே மேசையில உக்காந்து சாப்பிடணும்னு ஆசைப்படாதீங்க. பஃபேயில நடக்கும். ஆர்டர் குடுத்துச் சாப்பிடுற உணவகத்துல நடக்காது. ஜப்பான் தோசைக்கல் மேசையைச் சுத்தி எட்டுப் பேர் வாக்குலதான் உக்கார முடியும். போறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே குரூப் கோஆர்டினேட்டருக்கு எழுதி, எந்த ராத்திரி எந்த உணவகம்னு எட்டு எட்டுப் பேரா ரெண்டு மேசை பதிஞ்சிடுங்க. போய் இறங்கின பிறகு கேட்டா ராத்திரி ஒன்பதரைக்கு இடம் தருவாங்க.

ராத்திரி உணவகத்துக்கு ஆம்பிளைகளுக்கு முழு பேன்ட், காலர் வச்ச சட்டை, மூடின செருப்பு வேணும். பொம்பளைகளுக்குச் சேலை, சுடிதார் எதுன்னாலும் பிரச்சினை இல்ல. பட்டாள டிசைன் பச்சைத் துணி மட்டும் ஒருத்தரும் எடுக்காதீங்க, பேத்தி வாங்கிக் குடுத்த தொப்பியா இருந்தாலும். ஜமைக்காவுல அது பட்டாளத்துக்கு மட்டும், சட்டப்படி தப்பு.

இங்கேயிருந்து கொண்டு போறதுல: கருவேப்பிலை, பச்சைக் காய், பழம், மாமிசம், அரிசி எதுவும் மயாமியில தாண்டாது. அரிசியில ஒரு வண்டு வரும்னு இந்திய அரிசியைப் பயணிகள் பெட்டியில விடுறதே இல்ல. ஏத்தங்காய் சிப்ஸ், சீல் போட்ட ஊறுகாய், முறுக்கு கொண்டு போகலாம், படிவத்துல சாப்பாட்டுப் பொருள் இருக்குன்னு சொல்லிடணும். இட்லிப்பொடி, பருப்புப்பொடி எல்லாம் செக்-இன் பெட்டியில போடுங்க. அமெரிக்கா போற விமானத்துல கைப்பையில 350 மில்லிக்கு மேல பொடி இருந்தா நிறுத்தி நோண்டுவாங்க.

குழித்துறை_ஆத்தங்கரை

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தை மாசம்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க, ஓணக் கட்சி அடங்கிடுச்சு. ரிசார்ட்டுல இருந்து குரூப் ஒப்பந்த வரைவு அனுப்பியிருக்காங்க. 8 ரூம், முன்பணம், "அட்ரிஷன் 20 சதவீதம்"னு ஒரு வரி. அது என்ன? முன்னாடி தங்கினதுக்கான உறுப்பினர் சலுகையும் இதுல வருமா? திருவனந்தபுரம் ஏஜென்ட் பேக்கேஜா முடிச்சுத் தர்றேங்கிறார், அதுல டிசிஎஸ்னு ஒரு தொகை போட்டிருக்கார்.

தக்கலை_பேரேடு

அட்ரிஷன் 20 சதவீதம் என்றால், பிடித்து வைத்த ரூம் இரவுகளில் 20 சதவீதம் வரை அபராதம் இல்லாமல் குறைத்துக்கொள்ளலாம். 8 ரூம், 7 இரவு என்றால் 56 ரூம் இரவு. அதில் 20 சதவீதம் 11.2. ஒரு ஜோடி முழுதாக விலகினால் 7 இரவு போகும், தப்பித்துக்கொள்வீர்கள். இரண்டு ஜோடி விலகினால் 14 இரவு, வரம்பு தாண்டிவிடும். தாண்டியதற்கு மட்டும் கட்ட வேண்டுமா, முழு 14-க்குமா என்பது ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்க வேண்டும். இந்தக் குறைப்புக்குக் கடைசித் தேதி ஒன்று இருக்கும். விசா இன்னும் கைக்கு வராத 2 பேர் இருப்பதால், அந்தத் தேதி அவர்களுடைய விசா முடிவுக்குப் பிறகு வரும்படி கேட்டு வாங்குங்கள். பேரம் பேச வேண்டிய இடம் இதுதான், வாடகையில் பத்து டாலர் குறைப்பது அல்ல.

வாடகையை ஒரு ஆளுக்கு ஒரு இரவு என்று எழுதுவார்கள், ரூமுக்கு அல்ல. நம் ஆட்கள் அதை ரூம் வாடகை என்று படித்துவிட்டுப் பாதிக் கணக்குப் போடுவார்கள்.

உறுப்பினர் சலுகையும் குரூப் சலுகையும் பெரும்பாலும் ஒன்றோடொன்று சேராது. இரண்டு கணக்கும் போட்டுப் பாருங்கள்: 8 ரூமும் குரூப் விலையில் ஒரு தொகை, 8 ஜோடியும் தனித்தனியாக உறுப்பினர் எண் போட்டுப் பழைய விருந்தினர் விலையில் ஒரு தொகை. 10 ரூமுக்கு ஒன்று இலவசம் என்பது போன்ற பெரிய சலுகைகள் 8 ரூமுக்கு எட்டாது என்பதால், திரும்பி வருபவர்களுக்குத் தனித்தனி பதிவே லாபமாக அமைவதுண்டு. அப்படிச் செய்தால் ரூம்கள் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்காமல் போகலாம், பதிவு எண்களை எல்லாம் ஒரே மெயிலில் அனுப்பி இணைக்கச் சொல்ல வேண்டும். குரூப் ஒப்பந்தமே போட்டாலும் ஒவ்வொருவரின் உறுப்பினர் எண்ணையும் ரூம் பட்டியலில் சேருங்கள். தங்கிய இரவுகளாவது கணக்கில் ஏறும். வேறு சங்கிலி நிறுவனத்துக்கு மாறுகிறீர்கள் என்றால் பழைய எண் செல்லாது, அதையும் மறந்துவிடாதீர்கள்.

புயல் பற்றிய வரியைத் தேடுங்கள். புயல் சீசன் இல்லாத மாதம்தான், ஆனாலும் ஹோட்டல் திறக்க முடியாமல் போனால் பணம் திரும்ப வருமா, அல்லது "வேறு தேதிக்குக் கிரெடிட்" மட்டுமா என்று பாருங்கள். கிரெடிட் என்றால் 16 பேரும் மறுபடி ஒரே தேதியில் லீவு எடுக்க வேண்டும், நடக்கிற காரியமா?

டிசிஎஸ் கணக்கு, அதாவது விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வரி. டிக்கெட், தங்குமிடம், இதர செலவு, இவற்றில் குறைந்தது இரண்டைச் சேர்த்து ஒரே ஆளிடம் வாங்கினால்தான் அது வெளிநாட்டுச் சுற்றுலாப் பேக்கேஜ். டிக்கெட்டை மட்டும் வாங்கினால் பேக்கேஜ் ஆகாது. பேக்கேஜுக்கு 10 லட்சம் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம் என்று இருந்தது. 2026 பட்ஜெட்டில் தொகை வரம்பு இல்லாமல் 2 சதவீதம் என்று குறைத்தார்கள், 2026 ஏப்ரல் 1 முதல். ஏஜென்ட் போட்டிருப்பது 5 சதவீதமா, 2 சதவீதமா என்று பாருங்கள். இது செலவு அல்ல, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், இல்லை திரும்ப வாங்கலாம். ஆனால் யார் பான் எண்ணில் பிடிக்கிறார்களோ அவர் கணக்கில்தான் ஏறும். 8 ஜோடிக்கும் சேர்த்து ஒருவர் பெயரில் பில் போட்டால் ஏழு வீட்டுப் பணம் ஒரே ஆளின் வரிக் கணக்கில் போய் நிற்கும், சிட்டிக் கணக்கை விடப் பெரிய சண்டை வரும். 8 தனித்தனி பில் கேளுங்கள்.

நேரடியாகக் கிரெடிட் கார்டில் கட்டினால், பல கார்டுகளில் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஒரு லட்ச ரூபாய்க்கு 4,130 ரூபாய் வரும். முன்பணம் கட்டுவதற்கு முன்பே குறைந்த கட்டணக் கார்டு யாரிடம் இருக்கிறது என்று கேட்டு வைப்பது நல்லது.

செங்கோட்டை_சாரல்

எல்லாரும் நெக்ரில்னே சொல்றீங்க. டொமினிகன் ரிபப்ளிக்ல புன்டா கானா பாக்கக் கூடாதா? அமெரிக்க விசா இருந்தா தனி விசா வேண்டாம், விமான நிலையத்துல இருந்து ரிசார்ட்டுக்கு அரை மணி நேரம்தான், கட்டடங்களும் புதுசு, அதே காசுக்கு ரூமும் பெருசு. உள்ள நுழையவும் வெளிய வரவும் இ-டிக்கெட்டுங்கிற ஆன்லைன் படிவம் நிரப்பி கியூஆர் எடுக்கணும், அது ஒண்ணுதான் கூடுதல் வேலை.

வேளிமலை

புதிதாகப் போகிறவர்களுக்கு நீங்கள் சொல்வது சரி, தம்பி. ஆனால் இவர்கள் திரும்பிப் போகிறார்கள், உறுப்பினர் எண்ணும் தீவின் பழக்கமும் ஏற்கனவே இருக்கிறது. புன்டா கானா கிழக்குக் கரை, அலை கூடுதல், பாசி பருவத்தில் நேரடியாக அங்கேதான் ஒதுங்கும். தை மாதம் பாசி குறைவுதான், அலை குறையாது. முட்டுவலிக்காரர்கள் கடலில் இறங்க வேண்டுமென்றால் நெக்ரில்தான். இன்னொன்று, அமெரிக்க விசா கிடைக்காமல் ஒரு ஜோடி நின்றுவிட்டால், ஜமைக்காவுக்கு லண்டன் வழியாவது ஒரு மாற்று இருக்கிறது. டொமினிகனுக்கு அவர்கள் தனியாக விசா எடுக்க வேண்டியிருக்கும்.

பாறசாலை_பிஎன்ஆர்

விட்டுப்போனதைச் சொல்லிடறேன். 17 வயசுப் பையனுக்குப் பெரும்பாலும் இடம் கிடைக்காது. பெரும்பாலான இடங்கள்ல குறைஞ்சபட்சம் 18, செக்-இன் அன்னைக்கே முடிஞ்சிருக்கணும். சில இடங்கள்ல 16 உண்டு, நெக்ரில்ல ஜோடிகளுக்கு மட்டும்னு நடத்துற ரிசார்ட்டுகள்ல மூணாவது ஆளுக்கே வழியில்ல. ஜோடி ரிசார்ட்டுன்னா கூட்டத்துல தனியா வர்ற யாரையும் பிறகு சேர்க்க முடியாதுங்கிறதையும் யோசிச்சுக்கிடுங்க. பெரியவர்களுக்கு மட்டும்னா ஆபாசம்னு அர்த்தம் இல்ல, குழந்தைங்க கிடையாதுன்னுதான். ஆனா நெக்ரில்ல துணியில்லாம இருக்கலாம்னு தனிப் பகுதி ஒதுக்கின ரிசார்ட்டுகளும் இருக்கு. புக் பண்றதுக்கு முன்னாடி வரைபடத்துல அந்தப் பகுதி இருக்கான்னு பாருங்க, பிறகு குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல விளக்கம் சொல்லிக்கிட்டு இருக்க முடியாது.

கஞ்சா: 2015-லிருந்து ஜமைக்காவுல 2 அவுன்ஸ் வரைக்கும் வச்சிருந்தா கிரிமினல் குற்றம் இல்ல, கடற்கரையிலேயே வந்து விப்பாங்க. ஒரு துகள்கூடப் பெட்டியில வரக் கூடாது. திரும்பி வர்ற வழியில அமெரிக்காவும் வளைகுடாவும் இருக்கு. வெள்ளை ஓவர்ப்ரூஃப் ரம் 63 சதவீதம், பஞ்ச்ல கலந்து இனிப்பாத் தெரியும், சுகர், பிரஷர் மாத்திரை எடுக்குறவங்க அளவு பாக்கணும். வாங்கிட்டு வர்ற பாட்டிலை மயாமியில பெட்டி கையில கிடைக்கிற இடத்துலேயே செக்-இன் பெட்டிக்குள்ள மாத்திடுங்க. இந்தியாவுக்குள்ள ஆளுக்கு 2 லிட்டர்.

மின்சாரம் அங்க 110 வோல்ட், தட்டைக் கால் ரெண்டு வச்ச பிளக். போன் சார்ஜருக்குச் சின்ன அடாப்டர் போதும். நம்ம 230 வோல்ட் கெட்டில், குட்டி ரைஸ் குக்கர் கொண்டு போனா கால்வாசிச் சூடுதான் வரும், தண்ணி கொதிக்க ரொம்ப நேரம் ஆகும். சாயாவுக்கு ரூம்ல உள்ள காபி மெஷின்ல வெறும் தண்ணியை ஓட்டி எடுத்துக்கிடலாம்.

டிப்ஸ்: சாண்டல்ஸ், கப்பிள்ஸ் மாதிரி சில சங்கிலி ரிசார்ட்டுகள்ல டிப்ஸும் விமான நிலைய வண்டியும் வாடகைக்குள்ளேயே வந்துடும், கொடுத்தாலும் வாங்கக் கூடாதுன்னு ஊழியர்களுக்கு விதி. மத்த இடங்கள்ல ஒரு டாலர், ரெண்டு டாலர். அதனால ஃபோரக்ஸ் கடையில 100 டாலர் நோட்டா அடுக்கி வாங்காம, ஆளுக்கு 40 ஒரு டாலர் நோட்டு கேட்டு வாங்குங்க. நாகர்கோவில்ல சில்லறை நோட்டு உடனே கிடைக்காது, ரெண்டு வாரம் முன்னாடியே சொல்லி வைக்கணும்.